அண்ணனுக்கு அனுமதி இல்லை

அண்ணன்காரன் கத்திய கத்தலில் தம்பிக்காரன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"ஏண்டா, உன் வீட்டுப் பெட்டி எனக்கு அனுமதி இல்லைன்னு சொல்லுது? யாருக்குடா அனுமதி இல்ல? எனக்கா?"

பெட்டி என்றால் ஹார்ட் டிஸ்க் பெட்டி. இரண்டு டிஸ்க்கைச் செருகி வீட்டு இணையத்தோடு சேர்த்துவிட்டால், சொந்தக்காரர்கள் எங்கிருந்து வேண்டுமானாலும் உள்ளே இருப்பதைத் திறக்கலாம், கேட்கலாம். தம்பிக்காரன் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை செய்கிறவன். அங்கேயும் இப்படி ஒரு பெட்டி உண்டு. யார் எதைத் திருத்தலாம், யார் எதைப் பார்க்க மட்டும் செய்யலாம் என்று பூட்டுப் போடுவது அவன் பொறுப்பு. முதலாளிக்கே 'படிக்க மட்டும்' என்று வைத்திருக்கும் ஆசாமி. அந்த மனுஷன் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

ஆனால் வீட்டுப் பெட்டியில் இருந்தது வரைபடம் இல்லை. அவன் மனைவியின் குரல்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார் டாக்டர். எல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. ஆற அமர உட்கார்ந்து எதையாவது பதிவு செய்து வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? உயிர் மிஞ்சினால் போதும் என்று கிடந்தார்கள். மிஞ்சியது. பேச்சு போய்விட்டது. அதுவும் எப்பேர்ப்பட்ட பேச்சு! குடும்பத்தில் அவளுக்கு ரேடியோ என்றே பெயர். மகளுக்கு அப்போதுதான் மழலை திருந்திக்கொண்டிருந்தது. "அம்மா எப்பப்பா பேசுவாங்க?" என்று அது தினமும் கேட்கும்.

நல்லவேளை, அவள் எழுத்தைத் தட்டி அனுப்பச் சோம்பேறி. வெங்காயம் வாங்குவதிலிருந்து வம்பளப்பது வரை எல்லாவற்றையும் குரலாகவே பதிந்து அனுப்புகிறவள். தம்பிக்காரன் ஒவ்வொருவர் வீடாக ஏறி இறங்கி, அவரவர் போனில் இருந்ததையெல்லாம் பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தான். அவள் குரல் விழுந்திருந்த வீடியோத் துண்டுகளையும் விடவில்லை. கல்யாண வீடியோவில் முழுக்கப் பாட்டைப் போட்டு நிரப்பியிருந்தார்கள், அது எதற்கும் உதவவில்லை.

"எல்லாத்தையும் பெட்டியில ஏத்தியாச்சு. இனி உங்க போன்ல வேண்டாம், சும்மா இடத்தை அடைக்கும்," என்று அவனே எல்லோரிடமும் சொன்னான். இந்தச் சொந்தபந்தம் எதிலும் அவன் பேச்சைக் கேட்டதில்லை. இதில் மட்டும் கேட்டுத் தொலைத்தது. மனைவி போனிலும் அழித்தாயிற்று. அவனும் தன் பழைய போனில் இருந்ததையெல்லாம் அழித்துக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினான். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று இருக்கிறது, பிறகென்ன பயம் என்ற தெம்பு.

அன்றிலிருந்து காலையில் கூடத்து ஸ்பீக்கர் பேசும். அவள் வேலையிடத்திலிருந்து எப்போதோ அனுப்பியது. "தங்கம், அப்பாகிட்ட அடம் பிடிக்காம சாப்பிடணும், சரியா?" மகள் வாயில் கவளத்தோடு ஸ்பீக்கரைப் பார்த்து, "சரிம்மா" என்னும். சமையலறை வாசலில் நிற்பவள், மூச்சுவிட டாக்டர் வைத்த கழுத்துத் துளையின் மேல் போட்ட துணியைச் சரிசெய்துகொண்டே சிரிப்பாள். அந்த வீட்டில் அந்தச் சிரிப்புதான் மிச்சமிருந்தது.

இப்போது அண்ணன் பிரச்சினைக்கு வருவோம். பெட்டியைப் பூட்டும்போது தம்பிக்காரன் ஒழுங்காகத்தான் பூட்டினான். தனக்கு மட்டும் முழு உரிமை, மற்ற எல்லோருக்கும் படிக்க மட்டும். அண்ணன்காரன் கிடங்கு மேலாளர். அடுக்கில் ஓர் அட்டைப்பெட்டி கோணலாக இருந்தால் சோறு இறங்காது அவனுக்கு. ஏதோ ஒரு கோப்பின் பெயரைச் சீராக்கப் பார்த்திருக்கிறான், பெட்டி மறுத்துவிட்டது.

"அண்ணே, எல்லாருக்கும் அப்படித்தான் வச்சிருக்கேன்."

"எல்லாரும் நானும் ஒண்ணா? உன் மச்சானுக்கும் படிக்க மட்டும்தான், எனக்கும் படிக்க மட்டும்தானா?"

போனை வைத்துவிட்டான். அப்பா போனபின் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்த் தம்பியை ஆளாக்கியவன். அதைச் சொல்லிக்காட்டுகிறவன் இல்லை. சொல்லாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறவன். அடுத்த முறை வீட்டுக்கு வந்தபோது தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலோடு போய்விட்டான். தம்பிக்காரனுக்குத் தாங்கவில்லை. அண்ணன் பெயருக்கு நேரே இருக்கும் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் தீர்ந்தது, இதற்கா இத்தனை மனஸ்தாபம் என்று கணினி முன் உட்கார்ந்தான்.

மனைவி பின்னால் வந்து பார்த்தாள். தன் போனில் தட்டி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'வேண்டாம். அவர் கை சும்மா இருக்காது.'

"எங்க அண்ணன் என்ன திருடனா?" என்று எரிந்து விழுந்தான். அவள் திருடன் என்றா சொன்னாள்? திருப்பிக் கேட்க அவளுக்கு வாய் இல்லை, பாவம். அவன் டிக்கைப் போட்டான். அண்ணன் மறுநாளே சிரித்துப் பேசினான், வந்து சாப்பிட்டுவிட்டும் போனான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்பீக்கர் பேசவில்லை. தம்பிக்காரன் பெட்டியைத் திறந்து பார்த்தான். குரல் இருந்த இடத்தில் அண்ணன் மகள் கல்யாண வீடியோக்கள் ஊர்வலமாக நின்றன. அண்ணனைக் கூப்பிட்டான்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றான் அவன், குரலெல்லாம் பெருமை. "என்னடா அப்படிப் போட்டு வச்சிருந்த? வெறும் நம்பர் பேர்ல நூத்துக்கணக்குல குப்பை. ஒண்ணு ரெண்டு தொறந்து பாத்தேன். வரும்போது தக்காளி வாங்கிட்டு வாங்க, கேஸ் தீந்துடுச்சு, இதுதான் இருக்கு. பழைய சாமான் பட்டியல யாராவது கட்டி வச்சு அழுவானா? நல்லதையெல்லாம் நீ வேற எங்கயாவது வச்சிருப்பன்னு நெனச்சேன். எல்லாத்தையும் தூக்கிட்டேன், குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். இப்ப பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

"அண்ணே, அது அவ குரல்ணே. அவ்வளவுதான் இருந்துச்சு."

அண்ணன் போனை வைத்துவிட்டான்.

இரண்டு டிஸ்க் இருந்ததே என்கிறீர்களா? ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்தக் கணமே அழிந்துவிடும். அது டிஸ்க் பழுதானால்தான் காப்பாற்றும், மனுஷன் அழித்தால் காப்பாற்றாது. தம்பிக்காரனுக்கு இது தெரியாதா? தெரியும். அலுவலகத்தில் தனிப் பிரதி எடுத்துவைக்க வேறொருவர் இருந்தார். வீட்டில் அந்த நினைப்பே வரவில்லை. டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு மீட்டெடுக்கும் கடைக்கு ஓடினான். "மேல புதுசா வீடியோ எழுதியாச்சு சார், ஒண்ணும் வராது," என்று கையை விரித்துவிட்டார்கள். சொந்தக்காரர்களிடமெல்லாம் மறுபடி கெஞ்சினான். நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க என்றார்கள். உண்மைதானே? வாங்கிக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினான். தன்னைச் செருப்பால் அடித்துக்கொண்டாலும் ஆறாது போலிருந்தது.

ஸ்பீக்கர் ரிப்பேர் என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தான். மனைவியிடம் அந்தப் பொய் எடுபடவில்லை. சமையலறையில் அவள் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடுப்பை அணைத்தாள். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். வாய் கோணியது, தோள் குலுங்கியது, கண்ணிலிருந்து தாரை தாரையாக ஓடியது. சத்தம் மட்டும் வரவில்லை. அடுத்த அறையில் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போது போன் அடித்தது. அண்ணன்.

"அவகிட்ட குடுடா. நான் மன்னிப்புக் கேக்கணும்."

"இப்ப வேண்டாம்ணே."

"குடுடான்னா!"

இப்போதும் அவனால் அண்ணனிடம் முடியாது என்று சொல்ல முடியவில்லை. போனை நீட்டினான். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். அண்ணன் அழுதுகொண்டே பேசியது வெளியிலும் கேட்டது.

"தெரியாம பண்ணிட்டேம்மா. என் கையில கொள்ளி வைக்க. எங்கிட்ட ஒரு வார்த்தை பேசும்மா. திட்டவாவது திட்டு, வாங்கிக்கறேன்."

அவள் போனை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். திட்டத் தொடங்கினாள். உதடுகள் படபடவென்று அடித்தன, கழுத்து நரம்பு புடைத்தது, துளையிலிருந்து காற்று சீறிச் சீறி வந்து துணியைத் தூக்கியது. அண்ணனை, பெட்டியை, புருஷனை, டாக்டரை, யாரையும் விடாமல் திட்டினாள். உதட்டைப் பார்த்தே ஒவ்வொரு வார்த்தையையும் புரிந்துகொண்ட தம்பிக்காரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஹலோ?" என்றான் அண்ணன். "ஹலோ? லைன்ல இருக்கியாம்மா? ஒண்ணுமே கேக்கலியே."