குளியலறைப் பெரணி

செவேரோவின் மனைவி டெல்ஃபினா பிரசவத்துக்குத் தாய்வீடு கிளம்பியபோது தன் சாமான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டாள். ஒரு பெரணித் தொட்டியை மட்டும் விட்டுப் போனாள். மறதியில் இல்லை, நிபந்தனையாக.

அவள் பிறந்த ஊர் கீழே கொரொய்க்கோ. அங்கே மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். துவைத்த துணி காய்ந்தால் அதிசயம். வாழ்க்கைப்பட்டது மேலே, மலைமேட்டு நகரமான எல் ஆல்டோவில், மூன்றாம் மாடிச் செங்கல் வீட்டில். இங்கே காற்றுக்கு ஈரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஜூலைக் குளிரில் உதடு வெடிக்கும், வாளித் தண்ணீர் ஏடு கட்டி உறையும். கல்யாணத்தன்று மடியில் வைத்துக் கொண்டுவந்த பெரணி, ஓரமெல்லாம் கருகி உதிர்ந்துகொண்டிருந்தது.

“என் செடியே இங்க மூச்சு விட முடியாமத் தவிக்குது. பிள்ளை எப்பிடி விடும்?” என்றாள் போகிற அன்று. “கார்னிவல் முடிஞ்சதும் பிள்ளையோட வருவேன். செடி பொழைச்சிருந்தா இருக்கேன். குளிர்ல செத்திருந்துச்சுன்னா அன்னிக்கே திரும்பிருவேன். அப்புறம் நீ கூப்பிடவும் கூடாது.”

செவேரோ மினிபஸ் ஓட்டுகிறவன். வண்டிக்கு என்ன நோய் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். செடி சத்தம் போடாதே! பாவம், குளிருகிறதென்று சன்னலோரம் வெயிலில் வைத்தான். அந்த உயரத்து வெயில் வறட்டு வெயில். மிச்சமிருந்த இலைகளில் பாதியை வாட்டி எடுத்துவிட்டது. தண்ணீரை ஊற்றினான், வேர் சொதசொதத்தது. போர்வை போர்த்தினான். அதையும் செய்தான், சிரிக்காதீர்கள்.

ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் சுவர் மூலையைக் கவனித்தான். ஷவருக்குக் கீழே கொஞ்சம் பாசி. டெல்ஃபினா தேய்த்துத் தேய்த்துத் தோற்றுப்போன பாசி. அந்த வீட்டிலேயே பச்சையாக இருந்தது அது ஒன்றுதான். துண்டைக் கட்டிக்கொண்டு, தலையில் சோப்பு நுரையோடு போய்த் தொட்டியைத் தூக்கிவந்தான். கருகின இலைகளை நறுக்கினான். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு அதன்மேல் தொட்டியை வைத்தான். கதவைச் சாத்தி வெந்நீரைத் திறந்துவிட்டான். அறை முழுக்க ஆவி.

ஆவிக்காகவே காலையும் மாலையும் குளிக்க ஆரம்பித்தான். எல் ஆல்டோவில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குளிப்பவனே சுத்தக்காரன். பெண்டாட்டி ஊரில் இல்லாதபோது ஒருத்தன் தினம் இரண்டு வேளை குளித்து, தலை வாரி, வாசனையாக வண்டி எடுத்தால் ஊர் சும்மா இருக்குமா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? சேதி அக்கா குமெர்சிந்தாவின் காதுக்குப் போயிற்று. தொப்பியும் தானுமாக மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

“எவடா அவ?”

“எவக்கா?”

“நடிக்காத. யாருக்காகடா இந்தக் குளியல்? குளியலறைக் கதவை ஏன் சாத்தி வெச்சிருக்க? தள்ளு!”

தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஆவிக்கு நடுவே பெரணி உட்கார்ந்திருந்தது. நடுவில் புதுத் தளிர் மூன்று, பச்சைப்பிள்ளை விரல் மடக்கியதுபோலச் சுருண்டு நின்றன. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுக்கா இந்தப் பாடு? ஒரு பொம்பளைன்னாலும் நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம்” என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

பிள்ளை பிறந்தது, பெண். போய்ப் பார்த்தவனிடம் டெல்ஃபினா முதலில் கேட்டது, “செடி?”

“உன்னை மாதிரியே நிமிர்ந்து நிக்குது” என்றான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கார்னிவல் செவ்வாய் வந்தது. பூமித்தாய்க்கு நன்றி சொல்லும் நாள். வீட்டு மூலை, வாசல், வண்டி, அடுப்பு எல்லாவற்றுக்கும் காகிதப் பூ தூவி, மிட்டாய் வைத்து, பீர் தெளிக்க வேண்டும். தெளித்தார்கள். தெளித்ததில் பாதி தொண்டைக்கும் போயிற்று. மினிபஸ்ஸின் மூஞ்சி முழுக்க நுரை. எல்லாம் முடிந்து மாடியேறும்போது செவேரோவுக்குத் திடுக்கென்றது. இந்த வருஷம் தன் குடும்பத்தையே தாங்கிப் பிடித்த மண் எது? தொட்டி மண் அல்லவா? அதற்கு ஒரு வாய் கொடுக்காமல் விட்டால் அடுக்குமா? அதற்குப் பீர் போதாது என்று பட்டது. கரும்புச் சாராயம், சுத்தமானது, தண்ணீர் கலக்காதது, போத்தலில் பாதி இருந்தது. கண் கலங்க, “தாயே, உன் புண்ணியம்” என்று சொல்லிச் சொல்லி ஊற்றினான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. போதை தெளிந்து எழுந்து பார்த்தபோது தளிர்கள் தலை தொங்கியிருந்தன. மறுநாள் எல்லாம் பழுப்பு. வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவினான். பயனில்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

“வேற ஒண்ணு வாங்கி வெச்சிருடா. அவ என்ன, ஒவ்வொரு இலையையும் எண்ணியா வெச்சிருக்கா?” என்றாள் அக்கா. நல்ல யோசனைதான். கார்னிவல் வாரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபினா வந்தாள், முதுகில் வண்ணத் துணியில் கட்டிய குழந்தையோடு. மூட்டையை இறக்கவில்லை. நேரே தொட்டியின் முன் போய் நின்றாள்.

தம்பியைக் காப்பாற்றுகிற எண்ணத்தில் குமெர்சிந்தாதான் வாய் திறந்தாள். “குளிரும்மா, பாழாப்போன குளிரு. அவன் மேல தப்பு இல்ல. உசிரக் குடுத்துப் பாத்தான்.”

டெல்ஃபினா வாசல் பக்கம் திரும்பினாள்.

“குளிர் இல்ல!” செவேரோ கத்திவிட்டான். “அக்கா, நீ சும்மா இரு. குளிர் ஒண்ணும் பண்ணல. நல்லா இருந்துச்சு, தளதளன்னு இருந்துச்சு. நான்தான் கொன்னேன்.”

“நீயா?”

“செவ்வாக்கிழமை... நன்றி சொல்லலாம்னு... சாராயம் ஊத்தினேன்.”

“எவ்வளவு?”

கையால் போத்தலின் நடுவைக் காட்டினான்.

டெல்ஃபினா குனிந்து மண்ணை முகர்ந்தாள். காய்ந்த இலைகளைத் தள்ளிப் பார்த்தாள். குளிரில் துளிர்த்துச் சாராயத்தில் செத்த தளிர்கள் கையில் வந்தன; இலைக்காம்பு ஒவ்வொன்றும் கெட்டியாக, ஒரு சாண் நீளம் இருந்தது. அவளும் கொஞ்சம் அழுதாள். பிறகு முதுகு முடிச்சை அவிழ்த்தாள்.

“குளிரை என்னால ஒண்ணும் பண்ண முடியாது, அதனாலதான் பயந்தேன்” என்றாள். “உன்னைன்னா ஏதாவது பண்ணலாம். இந்தா, பிடி. தலையைத் தாங்கிப் பிடிய்யா.”

அவன் பிடித்தான். குழந்தை கொட்டாவி விட்டது.

“இன்னொண்ணு. இந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்ததுக்கு நன்றி சொல்லணும்னு யாருக்காவது தோணுச்சுன்னா, வாயால மட்டும் சொல்லுங்க.”

குமெர்சிந்தா, இந்த நல்ல நாளுக்கென்றே கொண்டுவந்திருந்த போத்தலைப் பாவாடை மடிப்புக்குள் மெல்லத் தள்ளினாள்.