தபால்காரர் மிதித்தால் மனைவிக்குத் தெரியும்

தபால்காரர் கல்லை மிதித்தால் அவர் மனைவிக்கு உள்ளங்கை வலிக்கும். வலது கால் என்றால் வலது கை, இடது கால் என்றால் இடது கை. அவர் எட்டுத் தெரு தள்ளி இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

சர்க்கரை வியாதி வந்து பதினாலு வருஷத்தில் அவருக்குப் பாதம் இரண்டும் மரத்துப்போயின. ஆணி ஏறினாலும் தெரியாது. அப்படித் தெரியாமல் வந்த ஒரு புண்ணுக்குச் சுண்டுவிரல் போய்விட்டது. இன்னொரு புண் வந்தால் பாதமே போகும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் ஷூவுக்குள் வைக்கும் மெத்தைக்கு அளவு கொடுக்கப் போனார்கள். மெத்தைக்காரர், அழுத்தினால் தடம் பதியும் நுரைப் பெட்டியைத் தரையில் வைத்துக் காலை அழுத்தச் சொன்னார். மரத்த கால் எதைக் கண்டது? மனைவியிடம் காலைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று பதினாலு வருஷம் கத்திய ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து அந்த மகராசி அழுத்தியதில், பாதத்தோடு அவள் பத்து விரலும் நுரையின் அடிவரைக்கும் பதிந்துவிட்டன. அந்த விரல் தடங்களை நிரவிவிட்டிருக்க வேண்டும். மெத்தைக்காரருக்குச் சாப்பாட்டு நேரம். அப்படியே மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி அச்செடுத்து, அதிலேயே மெத்தையையும் செய்துவிட்டார்.

அவள் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். அவர் மெத்தை போட்டுக்கொண்டு போன முதல் நாளே பாதி வெட்டில் கத்தரியை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "ஏங்க, வலது கால், கட்டைவிரலுக்குக் கீழ. கழட்டிப் பாருங்க." பார்த்தால் ஒரு குண்டூசி! அப்புறம் கேட்க வேண்டுமா? மணல், தார், மாடிப்படி என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று ஊகிக்க வாடிக்கையாளர்களுக்குள் போட்டா போட்டி. முடி வளராதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். புருஷனை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறவளை இப்போதுதான் நேரில் பார்க்கிறோம் என்று கேலி வேறு.

வம்பு டீக்கடை வழியாக வந்தது. அந்தக் கடைக்கு மூன்று படி, நடுப்படி உடைந்தது. தினம் நாலு மணிக்கு அந்த மூன்று படியும் அவள் கையில் ஏறின. வீட்டுக்கு வந்தவரிடம் எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்டாள். தபால்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பொண்டாட்டி கையில ஊர்ந்து போக நான் என்ன எறும்பா?" என்றவர், மறுநாள் மெத்தைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் அடி ஓட்டையான பழைய ஷூவில் கிளம்பிவிட்டார்.

பத்து மணிக்கும் அவள் கைகளில் சலனமில்லை. பத்தரைக்கும் இல்லை. கத்தரியோடு தெருவில் ஓடினாள். பாதி முடி வெட்டிய அம்மாள் கழுத்தில் துணியோடு பின்னாலேயே ஓடினாள். ஏழாவது தெருவில் தபால்காரர் சீட்டியடித்தபடி கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார்; பின்னால் வாசலுக்கு வாசல் ஒரு சிவப்புச் சுவடு. அவள் நடுரோட்டில் உட்கார்ந்து அவர் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். திட்டவில்லை, அழுதாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "எனக்குத் தெரியவே இல்லம்மா" என்றார்.

சீக்கிரம் பார்த்ததால் கால் தப்பித்தது. ஆறு வாரம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அந்த ஆறு வாரமும் அவள் உள்ளங்கைகள் வெறிச்சென்று கிடந்தன. வெட்டிய முடியெல்லாம் கோணல். ஆனாலும் யாரும் வேறு கடைக்குப் போகவில்லை.

ஏழாவது வாரம் அவரே மெத்தைகளை வைத்து ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கடையில் அவள் கைகளை விரித்து உட்கார்ந்திருக்க, ஈரத்தலையோடு ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். சிமெண்ட் வந்தது, சரளை வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. போன் அடித்தது.

"நான் எங்க நிக்கிறேன், சொல்லு."

"புல்லு மேல."

"எப்படி இருக்கு?"

இப்படி ஒரு கேள்வி அவரிடமிருந்து வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. "ஈரமா இருக்குங்க. ஜில்லுனு இருக்கு. கூசுது" என்றாள், சிரிப்பை அடக்க முடியாமல்.

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இன்னும் சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அவர் பூங்காவில் நிற்கிறார், அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள், கத்தரி காத்திருக்கிறது. தபால் பத்து நிமிஷம் தாமதமாக வருகிறது. இதுவரை யாரும் புகார் எழுதவில்லை.