சாயம் வெளுக்க வேண்டும்

கதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் முதற்கண் மன்னிக்க வேண்டும். பிழைகள் இருப்பின் அவை என்னுடையவை. மனவருத்தம் மட்டும் தையற்காரருடையது.

அந்தத் தையற்காரர் பிடித்துப் பதப்படுத்தி வைத்திருந்தது ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி. ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டினாற்போல், அதன் வலச்சிறகில் மட்டும் சிறு மஞ்சள் பொட்டு. வண்ணத்துப்பூச்சிச் சங்கத்தார் அதை இயற்கைப் பொட்டு என்று நம்பவில்லை. பெயிண்ட் வைத்து ஏமாற்றுகிறார் என்று பேச்சு கிளம்பியது. மனிதர் கூட்டத்துக்குப் போவதையே விட்டுவிட்டார். இறுதியில், சங்கச் செயலாளரையும் அழைத்துக்கொண்டு, வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரியும் மனைவியின் தங்கையிடம் பூச்சிப் பெட்டியோடு வந்து நின்றார்.

"சொந்தக்காரர்னு சாதகமா சொல்லிட மாட்டீங்களே?" என்றார் செயலாளர்.

"அம்மோனியாவுக்கு மாமா மச்சான் எல்லாம் கிடையாது சார்."

முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர், அடுத்து ஸ்பிரிட். பொட்டு அசையவில்லை. செயலாளரின் புருவம் உயர்ந்தது.

"சிறகுச் செதில் எல்லாம் கைட்டின் சார், இறால் ஓட்டுல இருக்கிறதுதான். அசல் மஞ்சள்னா அதுக்குள்ள டெரின்னு ஒரு நிறமி இருக்கும். அது அம்மோனியாவுல கரையும். எண்ணெய்ப் பெயிண்ட்னா அப்படியே நிக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, சொட்டுக்குழாயை எடுத்தவள் சொட்டவிடாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க சொன்னது நிஜம்னா பொட்டு போயிடும். திரும்ப வராது. வேணாம்னா இப்பவே பெட்டிய மூடிடலாம்."

தையற்காரர் பெட்டியின் மூடியை இன்னும் தள்ளி வைத்தார்.

"அவனவன் சாயம் வெளுத்துடக் கூடாதேன்னு பயப்படுவான். நான் பாரு, வெளுக்கணும்னு வேண்டிக்கிறேன். விடும்மா."

சொட்டு விழுந்தது. மஞ்சள் மெல்ல நெகிழ்ந்து, அடியில் விரித்திருந்த ஒற்றுத்தாளில் இறங்கியது. புற ஊதா விளக்கின் கீழ் தாளை நீட்டினாள். கறை பசுமையாக ஒளிர்ந்தது. டெரினேதான்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "வெளுத்துப்போச்சு தையல்காரரே. எங்க மேலதான் தப்பு. வர்ற கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன். நீங்க அவசியம் வரணும்."

"வர்றேன். கை வீசிட்டுத்தான் வரணும்," என்று சிரித்தவர், பொட்டிருந்த வெளிறிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிமிரவில்லை.

போனது ஒரு மஞ்சள் பொட்டு. அதைப்போல் இன்னொன்று அவரிடம் இல்லை.