பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்

வாய்ச்சவடாலில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. செய்வது ஃபிட்டர் வேலை. பேச்சைக் கேட்டால், ஊரில் உள்ள பாலமெல்லாம் இவனிடம் யோசனை கேட்டுத்தான் கட்டினார்கள் என்று தோன்றும். அக்காவின் புருஷன் அவனுக்கு இன்ஜினியர் என்று பட்டம் கட்டிவிட்டார். அவர் பெயின்டர். கை வேலை செய்யும்போதும் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

பட்டம் நிலைத்ததற்குக் காரணம் ஒரு கண்ணாடி. அக்கா வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு முப்பதுக்கு இருபத்துநாலு என்று இவன் அளவு எழுதிக் கொடுத்தான். அளந்தது இஞ்சில். கடைக்காரர் வெட்டியது சென்டிமீட்டரில். வந்து சேர்ந்தது முகம் பார்க்கிற அளவுக்கு ஒரு துண்டு. பெயின்டர் விடுவாரா? பின்பக்கம் கறுப்புப் பெயின்ட் அடித்து அடுப்படிச் சுவரிலேயே மாட்டினார். தினமும் அதில் மங்கலாகத் தெரியும் முகத்தைப் பார்த்துத்தான் சவரம் செய்தார். வருகிறவர்களிடமெல்லாம், "எங்க இன்ஜினியர் போட்ட ஜன்னல், பாருங்க" என்று காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். இவனும் சிரிப்பான். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும்.

இப்போது இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை, ஆறு மாடிக் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு. மொட்டைமாடியிலிருந்து இரும்புக் கை ஒன்று நீண்டிருக்கும். அதிலிருந்து கம்பிக் கயிற்றில் ஓர் ஆள் நிற்கிற தொட்டில் தொங்கும். பட்டனை அமுக்கினால் ஏறும், இறங்கும். எங்கிருந்தோ வந்த பழைய மெஷின். இரும்புக் கையைப் பூட்டும் போல்ட்டுகள் துருவேறிக் கிடந்ததால் இன்ஜினியர் புதியவை வாங்கிப் போட்டான். நட்டுகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று பழையவற்றையே மாட்டினான். பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர் போல்ட்டின் தலையிலும் கச்சிதமாக உட்கார்ந்தது, நட்டிலும் உட்கார்ந்தது. பிறகென்ன சந்தேகம்? மரையில் மட்டும் லேசாக ஓர் ஆட்டம். குழாய் வேலைக்குச் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றி முடுக்கினான். ஆட்டம் நின்றுவிட்டது.

"தாங்குமா மாப்ளே? இல்ல, நம்ம ஜன்னல் மாதிரியா?" என்று கேட்டார் பெயின்டர்.

"யானையையே கட்டித் தொங்க விடலாம் மாமா."

மறுநாள் காலை வேறொரு வேலைக்கு அதே போல்ட் வேண்டியிருந்தது. கடைக்குப் போனான்.

"பன்னெண்டு மில்லியா, அரை இஞ்சா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

கேட்டுவிட்டானே தவிர, கை தானாகவே இரண்டு தட்டுகளுக்கும் போனது. மில்லி போல்ட்டை எடுத்து இஞ்சு நட்டில் திருகினான். சுலபமாக ஏறியது. லேசாக ஆடியது. நேற்று அவன் டேப் சுற்றி மறைத்தானே, அதே ஆட்டம். வெளியளவு இரண்டுக்கும் ஒன்றுதான், நட்டின் ஓட்டை மட்டும் ஒரு மயிரிழை பெரிது. மரையின் நுனிகள்தாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

மாமாவுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சட்டையைப் போனோடு மொட்டைமாடியில் கழற்றிப் போட்டுவிட்டு இறங்குவதுதான் மாமாவின் வழக்கம். வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தான்.

மொட்டைமாடியில் மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, தலைதெறிக்க ஓடி வர்றே?"

"சும்மாதாண்ணே."

இரும்புக் கையின் போல்ட்டுகளைப் பார்த்தான். நட்டுகள் விரற்கடை அளவுக்கு வெளியே வந்திருந்தன. வெள்ளை டேப் நார்நாராகப் பிய்ந்து தொங்கியது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். இரண்டு மாடி கீழே மாமா வாய்க்குள் எதையோ பாடிக்கொண்டு ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே மாடிப்படி ஜன்னல் விரியத் திறந்திருந்தது. ஒரு காலைத் தூக்கி வைத்தால் உள்ளே போய்விடலாம். கடவுளே, நல்லவேளை என்று நினைத்தான்.

நான் போட்ட போல்ட் கழலுது, ஜன்னலுக்குள்ள குதிச்சிடுங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். மேஸ்திரி டீ டம்ளரோடு பின்னால் வந்து நின்றார். அந்தச் சுவர்க் கண்ணாடி ஏனோ நினைவுக்கு வந்தது. இனி ஆயுசுக்கும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களே என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம் கூசினான்.

"மாமா! ஜன்னல் வழியா உள்ள வாங்க! அக்கா போன் பண்ணுச்சு, ஏதோ அவசரமாம்!"

மாமாவின் முகம் மாறியது. "என்னாச்சு? போன் மேலதானே இருக்கு? இதோ வந்துட்டேன்."

"வேணாம் மாமா, அமுக்காதீங்க..."

அவர் பட்டனை அமுக்கிவிட்டார். மோட்டார் வெடுக்கென்று இழுத்தது. நட்டுகள் உருவிக்கொண்டு வந்தன. இன்ஜினியர் பாய்ந்து இரும்புக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தான். மனுஷன் பிடித்து நிற்கிற பாரமா அது? உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போய்விட்டது. மாமா பாதுகாப்பு பெல்ட் போட்டிருந்தார். அதைத் தொட்டிலில்தான் மாட்டியிருந்தார்.

மாமாவின் காரியமெல்லாம் முடிந்தது. கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "தன் உயிரைப் பாக்காம பிடிச்சிருக்கானே, இவனல்லவா மச்சினன்" என்று சொந்தக்காரர்கள் கண்ணைத் துடைத்தார்கள். ஒவ்வொரு சொல்லும் அவனைக் கொன்றது. எல்லோரும் கிளம்பிய பிறகு அக்கா அவனை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். அந்தக் கண்ணாடி சுவரிலேயே இருந்தது. கீழே பலகையில் சவரக் கத்தி.

"நான் போன் பண்ணதா அவர்கிட்ட சொன்னியாமே. மேஸ்திரி சொன்னாரு. நான் பண்ணவே இல்லையேடா."

அவன் சொன்னான். மில்லி, இஞ்சு, டேப், மேஸ்திரி, கூச்சம், எல்லாவற்றையும் சொன்னான். அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அக்கா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமேடா. உன்னக் கிண்டல் பண்ணிக்கிட்டே ஜன்னல் வழியா இறங்கியிருப்பாரே."