பாவாடை ஓரத்து ஈரம்

எங்கள் வீடு தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் சாலையில், இலஞ்சி விலக்குக்குச் சற்று முன்னால், வளைவின் மேலேயே இருந்தது. புளியறையைத் தாண்டி வரும் மர லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே அந்த வளைவில் திரும்பும். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் பஸ்களும் கார்களும் சேர்ந்துகொள்ளும். என் மகள் குழல்வாய்மொழி அந்த வளைவில்தான் லாரியில் அடிபட்டு இறந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயது. மறு வருடமே அவள் அப்பாவும் போய்விட்டார்.

கன்னியாக இறந்த பெண்பிள்ளையை வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். ஓலைப்பெட்டிக்குள் புதுப் பாவாடை, சட்டை, வளையல், சாந்து எல்லாம் வைத்து உத்திரத்தில் கட்டிவிடுவோம். ஆடிக் கடைசிச் செவ்வாயில் இறக்கி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம். இடையில் யாரும் பெட்டியைத் தொடுவதில்லை. துணியை இறந்த வயதின் அளவுக்குத்தான் தைக்க வேண்டும். கன்னிக்கு வயது ஏறாது.

நான் அப்படிச் செய்யவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் அவள் வயதுப் பிள்ளைகளைப் பார்த்து, இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று நினைத்து, தையல்காரர் பரீது பாயிடம் வருடா வருடம் அளவைக் கூட்டிச் சொன்னேன். அது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

அறுபத்தொன்றில் யூனியன் ஆபீசிலிருந்து ருக்மிணி என்ற கிராம சேவிகா வந்தாள். நடுகைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வைக்க என் வீட்டு முன்கட்டைக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலமே எதிர்த்த அரிசி மில் தில்லைநாயகம் அண்ணாச்சி அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“தங்கச்சி, ரோட்டு மேல கொண்டாந்து பச்சைப்பிள்ளையள வளக்கணுமா? வாசலத் தாண்டினா தாரு. மரம் ஏத்தின லாரி நினைச்ச இடத்துல நிக்குமா? சீசனுக்கு வாரவன் பாதிப் பேரு அருவியப் பாத்துக்கிட்டே கார் ஓட்டுதான். நாங்க மனு எழுதியிருக்கோம். மொதக் கையெழுத்து நீ போட்டாத்தான் எடுபடும்.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் பேனாவை வாங்கப் போனேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இன்னொண்ணும் இருக்கு. மனசு சங்கடப்படாத. சாரல்ல வளைவுல ஒரு பிள்ளை நின்னு கையக் காட்டுதுன்னு டிரைவர்மாரு சொல்லுதாவ. அது துணைக்கு ஆள் தேடுதுன்னு ஊர்ல பேச்சு.”

“எம்பிள்ளை யாரையும் கூப்பிடாது அண்ணாச்சி.”

“இருந்த பிள்ளை அப்படித்தான். செத்த பிள்ளையப் பத்தி யாருக்குத் தெரியும்?”

ஆடிப் பூசை முடிந்ததும் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

செவ்வாய் மதியம் பெட்டியை இறக்கினேன். கூரை ஒழுகவில்லை. உத்திரம் காய்ந்து கிடந்தது. ஓலையிலும் ஈரம் இல்லை. உள்ளே போன வருடத்துப் பாவாடையின் ஓரம் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதில் விரல் அகலத்துக்குத் தார் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். மழை பெய்த ரோட்டின் வாடை.

அப்படியானால் அவள் வெளியே போகிறாள். எதற்குப் போகிறாள்? புதிய பச்சைப் பாவாடையை வைத்துக் கட்டிவிட்டேன்.

முன்கட்டைத் தரப்போவதில்லை என்று பேராச்சியிடம் சொன்னேன். அவள் நடுகைக்காரி. நடக்கப் பழகிய பெண்குழந்தை ஒன்று அவளுக்கு இருந்தது. வயலோரச் சாலை மரத்தில் சேலைத் தொட்டில் கட்டி அதில் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தான் சேற்றில் இறங்குவாள்.

“ஏன், மரத்து மூட்டுல லாரி வராதாக்கும்?” என்றாள்.

“பேராச்சி, எம்மவ கூப்பிடுதாளோன்னு பயமா இருக்குட்டி.”

“கூப்பிட்டா கூப்பிடட்டும். இங்கன கதவச் சாத்திக்கிடலாம். அங்கன கதவே இல்லியே ஆச்சி.”



மறுநாள் காலையில் ருக்மிணி அதிகாரிகளை இடம் பார்க்கக் கூட்டிக்கொண்டு வந்தாள். சாரல் இறங்கி, மில்லின் புகைக்கூண்டுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சியும் மற்றவர்களும் வாசலில் நின்று சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். பேராச்சியும் தன் பங்குக்குக் கத்தினாள். அவள் பிள்ளை காலடியில் இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. திடீரென்று ஒரு லாரியின் சக்கரங்கள் தேய்ந்து கிறீச்சிட்டன.

ஓடினோம். சாலை நடுவே பேராச்சியின் பிள்ளை விரலைச் சூப்பிக்கொண்டு நின்றது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் லாரியின் முகப்பு. டிரைவர் ஏசுதாசன், புனலூர்க்காரர், இறங்கி வந்தார். உதடு வெளுத்திருந்தது.

“யாருக்க பிள்ளையாக்கும் இது? மற்றவ எங்க?”

“எந்த மற்றவ?” என்றார் அண்ணாச்சி.

“பச்சைப் பாவாடை உடுத்த பிள்ளை. இந்தச் சின்னதை இடுப்போடு சேத்துப் பிடிச்சுக்கிட்டு ஒரு கையை நீட்டி நின்னா. அவளைக் கண்டுதான் பிரேக்கை மிதிச்சேன். இந்தக் குட்டி என் கண்ணுலயே படல்ல.”

அண்ணாச்சி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கேட்டார். “வயசு என்ன இருக்கும்?”

“பத்து இருக்கும்.”

அவர் மூச்சு விட்டார். “அப்பம் நம்ம பிள்ளை இல்ல. அது ஆறுலயே போயிட்டு.”

பச்சைத் துணியைப் பெட்டியில் வைத்தது முந்தின நாள் மதியம்தான். அதைப் பத்து வயது அளவுக்குத் தைக்கச் சொன்னதும் நான்தான்.

ருக்மிணியிடம் போய், “முன்கட்டை எடுத்துக்கிடுங்க” என்றேன்.

அண்ணாச்சி கோபித்துக்கொண்டு போனார். ஆனாலும் ஒரு வாரம் கழித்து மில் ஆட்களை அனுப்பி, வாசலை அடைத்து மூங்கில் படல் கட்டிக் கொடுத்தார். “பிள்ளையள் செத்தா எம்மேலயும்லா பழி வரும்” என்றார்.

காப்பகம் நடந்தது. அதன் பிறகு அந்த வளைவில் ஒரு பிள்ளைக்கும் எதுவும் ஆகவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் பாவாடை ஓரம் ஈரமாகவே இருந்தது.

பிறகு ஒரு வருடம் பரீது பாய் கேட்டார். “அடுத்தது தாவணியில்லா தாயி? துணி கூட எடுக்கணும்.”

பெரியவளாகிவிட்டால் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். அவள் போய்விட்டால் வளைவில் யார் நிற்பது? உள்ளே குழந்தைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

“கூட்ட வேண்டாம் பாய். போன வருசத்து அளவே போதும்.”

மறு ஆடியில் பெட்டியைத் திறந்தபோது பாவாடை ஓரம் மட்டுமல்ல, சட்டை முழுவதும் நனைந்திருந்தது. இரண்டு கையிடுக்கிலும் தையல் பிரிந்து, துணி கிழிந்திருந்தது. கொள்ளாத சட்டையைப் போட்டுக்கொண்டு அந்த வருடம் முழுவதும் அவள் மழையில் நின்றிருக்கிறாள்.

கிழிந்த சட்டையைப் பரீது பாயிடம் நீட்டினேன். அவர் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார்.

“தாவணியே தைச்சிருங்க பாய்” என்றேன்.

அதற்குப் பிறகு பெட்டிக்குள் ஈரம் இல்லை. தாவணி மடிப்புக் கலையாமல் இருக்கிறது. சாரல் இறங்கினால் நான் சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போய்விடுவேன். லாரி சத்தம் கேட்டதும் கையை நீட்டுவேன். சாரலில் ஒரு பொம்பளை நிற்கிறாள் என்று டிரைவர்கள் இப்போது பேசிக்கொள்வதாகப் பேராச்சி சொல்லுகிறாள். உண்மைதான் போலிருக்கிறது. வேகத்தைக் குறைக்கிறார்கள். சிலர் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.