பதினான்காம் எண்

ஆறு வருடம் நான் உதவிப் பயிற்சியாளன். பந்துகளுக்குக் காற்றடிப்பது, கோடு போடுவது, வலை கட்டுவது, பிள்ளைகளுக்கு உண்மையில் விளையாடச் சொல்லிக்கொடுப்பது, எல்லாம் நான். பேப்பரில் பேர் வருவது பழனிவேலுக்கு. எங்கள் காலேஜின் பெண்கள் கால்பந்து அணிக்கு அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். காலேஜ் என்றால் நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் உயர்நிலைப் பள்ளி. அவர் அங்கே கணக்கு வாத்தியார், திருச்சிக்காரர். நான் பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு ஒனிஹங்காவில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவன்.

தொண்ணூற்றாறு முடிவில் பழனிவேல் பள்ளியின் துணை அதிபராகிறார். அவர் இடத்துக்கு அவர் சொல்கிற ஆளைத்தான் அதிபர் போடுவார். என் பேரைச் சொல்வதாக ஜூனிலேயே சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக, ஜூனில் தொடங்குகிற இந்த ஊர்க் குளிர்காலம் முழுக்கக் காலை ஏழு மணிக்கு வேலை முடித்து மாலை மூன்றரைக்கு மைதானத்தில் நின்றேன்.

அரையிறுதியில் நிருஜா எதிரணிப் பெண்ணின் கணுக்காலில் உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினாள். அடுத்த ஆட்டத்தில் ஆட முடியாது. அடுத்தது இறுதியாட்டம். அந்த வருடம் எங்கள் கோல்களில் பாதிக்குமேல் அவள் அடித்தவை.

புதன்கிழமை போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து ஃபாக்ஸ் வந்தது. தடை விதிக்கப்பட்டவர்: பதினான்காம் எண், என். சபாரத்தினம்.

நிருஜாவின் எண் ஒன்பது. பதினான்கு அவளுடைய தங்கை நிசாந்தினி.

லின்ஃபீல்ட் வீட்டில் அவர்களின் தாய் செல்வநாயகி இரண்டு சட்டைகளையும் ஒன்றாகத் தோய்த்து ஒரே கொடியில் போடுவா. ஆகஸ்ட் மழையில் எது காய்ந்ததோ அதை முதலில் எழும்பியவள் போட்டுக்கொள்வாள். பிள்ளைகளுக்கு ஒரே எழுத்தில் பேர் வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். தகப்பன் பேர் இங்கே குடும்பப் பேராகிவிட்டது. ஆகவே காகிதத்தில் இருவருக்கும் எண் மட்டும்தான் வித்தியாசம்.

அரையிறுதியன்று சட்டை மாறி நிருஜா பதினான்கைப் போட்டிருந்ததை நான் கண்டேன். ஆட்டக்காரர் பட்டியலை எழுதிக் கையெழுத்து வைப்பது உதவியாளனின் வேலை. திருத்தியிருக்க வேண்டும். கண்ணெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. நிசாந்தினி ஓரத்து வாங்குப் பலகையில் குந்தியிருக்கப் போகிறவள்தானே என்று விட்டுவிட்டேன்.

பழனிவேல் ஃபாக்ஸை இரண்டு தரம் வாசித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இது நாம செஞ்சதில்ல யசி. அவங்களா எழுதினது."

நிசாந்தினியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடு, நிருஜா ஆடட்டும் என்றார். திங்கட்கிழமை அதிபரிடம் என்னைப் பற்றிப் பேசப்போவதையும் அதே மூச்சில் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் சொன்னபடியே பட்டியலை எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

பிள்ளைகளிடம் அவரே சொன்னார். நிருஜா தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா இல்லாததால் நிசாந்தினிக்கு அந்த இறுதியாட்டம்தான் முதல் நிமிடத்திலிருந்து ஆடக் கிடைக்கவிருந்த முதல் ஆட்டம். தனக்குக் கவலையில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பயிற்சி முடியும்வரை ஜிம் மதிலுக்குப் பந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை இறுதியாட்டத்துக்கு நடுவர் வேறு ஆள். நரைத்த தலை, நிதானமானவர். தடைக் கடிதத்தையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்பதிலும் ஒரு என். சபாரத்தினம் இருப்பதை விரலால் தொட்டார். தடை வாங்கிய பெண் யார், காட்ட முடியுமா என்று கேட்டார்.

பழனிவேல் கையால் நிசாந்தினியைக் காட்டினார். நடுவர் என்னைப் பார்த்தார். கையெழுத்து என்னுடையது.

"தலையாட்டு யசி," என்றார் பழனிவேல் தமிழில், சிரித்த முகம் மாறாமல்.

"அவள் அண்டைக்கு வாங்கிலை இருந்தவள் சேர்."

"எனக்குத் தெரியாதா? தலையாட்டு."

ஏதாவது சிக்கலா என்று நடுவர் கேட்டார். ஒன்றுமில்லை, பையன் கொஞ்சம் பதற்றப்படுகிறான் என்றார் பழனிவேல். எனக்கு முப்பத்தொரு வயது.

"அவளுக்கு இது ஒரு மேட்ச். உனக்கு அப்படியா? திங்கக்கிழமைய நெனச்சுக்க."

நடுவர் பேனாவைத் திறந்தபடி காத்திருந்தார். எங்கள் முகங்களைத் தவிர அவருக்கு வாசிக்க ஒன்றும் இல்லை. எது கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற நிசாந்தினி அப்போது தமிழில் சொன்னாள்.

"அண்ணா, நீங்கள் கதைக்கிறது எனக்கு விளங்குது."

அவ்வளவுதான். கெஞ்சவில்லை. அக்காவின் பக்கம் திரும்பவும் இல்லை.

நான் நடுவரிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அன்றைக்குச் சட்டை மாறியிருந்தது. நான் கண்டும் திருத்தவில்லை. இன்றைய பட்டியலையும் தெரிந்தே எழுதினேன். தடை வாங்கியவள் ஒன்பதாம் எண், இதோ நிற்கிறாள்.

அவர் நிருஜாவின் பேரை வெட்டினார். என்னைப் பற்றி அறிக்கை எழுத வேண்டியிருக்கும் என்றார். சரி என்றேன்.

நிருஜா சட்டையைக் கழற்றி என் காலடியில் எறிந்தாள். பதினான்காம் எண் சட்டை லின்ஃபீல்டில் கொடியில் கிடந்தது, ஆடாதவளுக்கு எதற்கென்று. நிசாந்தினி குனிந்து ஒன்பதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பட்டியலில் ஒன்பதுக்கு நேரே அவளுடைய முழுப்பேரையும் எழுதினேன்.

இரண்டுக்குப் பூச்சியம், தோற்றோம். நிசாந்தினி நன்றாக ஆடினாள் என்று சொல்ல முடியாது. நிறைய ஓடினாள். பழனிவேல் ஆட்டம் முழுக்க என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றார்.

எல்லாரும் கார்களுக்குப் போன பிறகு கையை நீட்டினார்.

"பந்து ரூம் சாவியக் குடுங்க யசீகரன்."

ஆறு வருடமாக அது என் வளையத்தில் தொழிற்சாலை லொக்கர் சாவிக்குப் பக்கத்தில் கிடந்தது. துருப்பிடித்து இறுகியிருந்தது, கழற்ற நகம் உடைந்தது. அவர் பொறுமையாக நின்று வாங்கிக்கொண்டார்.

இரண்டு கோல் கம்பங்களிலும் வலை இன்னும் கட்டியபடி இருந்தது. மழை தூறத் தொடங்கியது. நனைந்தால் முடிச்சு அவிழாது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நடந்தேன்.