நிறம் மாறாத மசியல்

எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெயிண்டு கடை நடத்துகிறது. போன வருடம் அடித்த சுவரில் இந்த வருடம் ஒரு ஓரம் மட்டும் அடித்தாலும் ஒட்டுப் போட்டது தெரியக் கூடாது. அப்படிக் கலந்து கொடுக்க இந்த ஊரில் எங்களை விட்டால் ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, சுவர்களைப் போய்ப் பாருங்கள்.

இந்தப் பெருமையில் பாதி என் தம்பி மகனைச் சேரும். கடையில் நிறம் கலப்பது அவன்தான், அதனால் அங்கே அவனுக்குப் பெயர் ஷேடு. மனைவி வேலைக்குத் திரும்பியதும், ஏழு மாதக் குழந்தைக்குக் காய்கறி மசியல் செய்யும் பொறுப்பை அவன் எடுத்துக்கொண்டான். காயை ஆவியில் வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பான். கட்டிகளை டப்பாவில் போட்டு மேலே எண் எழுதுவான். காயின் பெயர் அல்ல, நிறத்தின் எண். பதினேழு, இருபத்திரண்டு. அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். ருசி மட்டும் பார்க்க மாட்டான்.

குழந்தையின் அம்மாவைப் பெற்ற சம்பந்தி அம்மா, ஆஸ்பத்திரி கேன்டீனில் முப்பது வருடம் சமைத்து ஓய்வு பெற்றவர். பகலில் குழந்தையைத் தன்னிடம் விடும்படி கேட்டு வந்தார். எங்கள் வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டில்தான் சாப்பிடும் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினேன். போகும்போது ஒரு டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"பதினேழுன்னா என்ன காய்ண்ணா?"

அவனுக்குத் தெரியும் என்று பேச்சை முடித்துவிட்டேன்.

அதிலிருந்து பத்தாம் நாள் காலை, சாப்பிட்டு முடித்த குழந்தைக்கு வாயைச் சுற்றிச் சிவந்து தடித்தது. தடிப்பு கழுத்து வரை இறங்கியது. குழந்தையையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினோம். மருமகள் போன் செய்திருப்பாள் போல, சம்பந்தி அம்மா எங்களுக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார்.

மருந்து கொடுத்துத் தடிப்பு அடங்கியபின் டாக்டரம்மா விசாரித்தார். ஒரு சமயத்தில் ஒரே காய், மூன்று நாள் கழித்துத்தான் அடுத்தது என்று சொல்லியிருந்தாராம். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால்தானே அதை நிறுத்த முடியும்? இப்போது கொடுத்தது எந்தக் காய் என்றார்.

ஷேடு பூசணி என்றான். எங்கள் பையன் வாயிலிருந்து வந்தால் அது மாறாது என்று நானும் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னேன். என்னை யார் கேட்டார்கள்?

சம்பந்தி அம்மா டப்பாவைத் திறந்தார். இளகியிருந்த கட்டியை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"பூசணி இருக்கு. கேரட்டும் இருக்கு. பீட்ரூட்டை யாரு போட்டது?"

ஷேடு தரையைப் பார்த்தான்.

"போன தடவை பூசணி நல்ல மஞ்சளா வந்துச்சு பெரியப்பா. இந்தத் தடவை வெளிறிப் போச்சு. கேரட் சேத்தேன், அப்பவும் வரல. அதான் பீட்ரூட் சாறு மூணு சொட்டு. ரெண்டு தட்டும் ஒரே மாதிரி இருக்கணுமில்ல?"

"குழந்தை என்ன செவுராப்பா?" என்றார் சம்பந்தி அம்மா.

டாக்டரம்மா பேனாவை மூடிவைத்தார். மூன்றில் எது என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரண்டு வாரம் கழித்து முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த தடவை தடிப்பு தொண்டைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார். பிறகு எங்கள் மூவரையும் பார்த்து, இனிமேல் ஊட்டப்போவது யார் என்று கேட்டார்.

ஷேடு என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லி நான் காப்பாற்றுவேன் என்று நினைத்தான். கடையில் எத்தனையோ தடவை காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் அங்கே கெட்டது பெயிண்டு.

குழந்தையை அவன் கையிலிருந்து வாங்கிச் சம்பந்தி அம்மாவின் மடியில் வைத்தேன்.

"நாளைலேர்ந்து பகல்ல உங்ககிட்டயே இருக்கட்டும்மா."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். குத்தலாக ஒரு சொல் சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்ல எனக்கும் ஏதாவது கிடைத்திருக்கும். அதைக்கூட அவர் கொடுக்கவில்லை.